நகரியிலிருந்து வந்த சொல்

ஆடிக் கிருத்திகைக்குள் என் மகள் புதுப் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை என்றால், திருவிழாவுக்கு வரும் அவளுடைய பெரியம்மாவோடு நகரிக்குப் போய்விட வேண்டும். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். அந்த வருடம் பள்ளி திறந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

பிள்ளைகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களிலும் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் இருப்பீர்கள், இனிமேல் போகப் போகிறவர்களும் இருப்பீர்கள். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் டீச்சரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நான் திருத்தணிக்காரன். சமையல் வேலை. வயசுப் பையனாக இருந்தபோது நகரிக்குப் போய் ஒரு மெஸ்ஸில் சேர்ந்தேன். நகரி எங்கள் ஊருக்குப் பக்கம்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும். ஆனால் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் கடைப் பலகையெல்லாம் தெலுங்கு எழுத்தாகிவிடும். அங்கேயே எனக்குக் கல்யாணமும் ஆனது. என் மனைவி தெலுங்கு பேசும் வீட்டுப் பெண். மகள் பிறந்ததும் அங்கேதான், ஒன்றாம் வகுப்பு படித்ததும் அங்கேதான். வீட்டில் நாங்கள் எல்லோருமே தெலுங்குதான் பேசினோம். என்னை அவள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவாள். தமிழைக் கேட்டால் அவளுக்குப் புரியும், ஆனால் வாயில் வராது.

அப்புறம் திருத்தணியிலிருந்து ஒரு சமையல் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். முருகன் மலை இருக்கிற ஊர், கல்யாணத்துக்குக் குறைவா? மண்டபம் மண்டபமாக வேலை. சொந்த ஊரிலேயே பிழைப்பு கிடைக்கிறதே என்று குடும்பத்தோடு வந்துவிட்டேன். மலையடிவாரத்தில் ஒரு தெருவில் வீடு பிடித்து, பக்கத்துப் பள்ளியில் மகளை இரண்டாம் வகுப்பில் சேர்த்தேன்.

இது என் மனைவியின் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அவருக்குப் பிள்ளை இல்லை. என் மகள் அவர் இடுப்பில் வளர்ந்தவள். அவரை 'பெத்தம்மா' என்பாள். நாங்கள் சாமான் கட்டிய அன்றைக்கு அவர் சொன்னார். அவர் பேசியது தெலுங்கு, நான் எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க தம்பி. பாப்பா எங்கூட இருக்கட்டும். தெரிஞ்ச ஸ்கூலு, தெரிஞ்ச பாஷ. அத ஏன் புடுங்கி நடறீங்க?"

"கொஞ்ச நாள் பாக்கலாம் வதினா," என்றேன். மனைவியின் அக்காவைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"சரி. கிருத்திகைக்கு வருவேன். சிரிச்சுகினு போய் வந்துகினு இருந்தா நான் ஒண்ணும் பேச மாட்டேன். அழுதுகினு இருந்தா தூக்கினு வந்துடுவேன். அப்போ நீ ஒண்ணும் பேசக்கூடாது."

நான் சரி என்று சொல்லிவிட்டேன். என் மனைவியும் தலையாட்டினாள்.

முதல் நாட்களில் எல்லாப் பிள்ளைகளும் அழுவதைப் போலத்தான் அவளும் அழுதாள். வகுப்பு டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் ஊருக்கு அவரும் அந்த வருடம்தான் புதிது. நல்லவர், குரல்தான் கொஞ்சம் பெரிசு.

ஆனி மாதம் ஒரு முகூர்த்த நாள். மண்டபத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது டீச்சரிடமிருந்து போன்.

"பாப்பா அப்பாங்களா? பிள்ளை அழுதுகிட்டே இருக்கா. வயிறு வலிக்கான்னு கேட்டா காதுங்கா. தலை வலிக்கான்னு கேட்டாலும் காதுங்கா. சரின்னு காதைத் தொட்டுப் பாத்தா என் கையத் தட்டி விடுதா. ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

கரண்டியைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு காதிலும் லைட் அடித்துப் பார்த்தார்.

"காது பளிச்சுனு கீது. ஒண்ணும் இல்ல. ஆமா, நீங்க இன்னா வேல செய்றீங்க? ரூம் பூரா சாம்பார் வாசனையா வருதே!"

வெளியே வந்து மகளிடம் தெலுங்கில் கேட்டேன், காது வலிக்கிறதா என்று. இல்லை என்று தலையாட்டினாள். பள்ளிக்கூடத்திலிருந்து தப்பிக்கக் காதுவலி என்று ஒரு சாக்குக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உங்களில் தெலுங்கு தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். எனக்கும் தெலுங்கு தெரியும்தான். ஆனால் டீச்சர் தமிழில் சொன்னதால் எல்லாமே தமிழாகத்தான் எனக்கு விழுந்தது.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபமெல்லாம் பூட்டிக்கிடக்கும். எனக்கும் ஓய்வு. அதனால் மகளைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதை நானே எடுத்துக்கொண்டேன். கிருத்திகைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அழுகை குறைந்திருந்தது, சரியாகிவிடும் என்றுதான் நம்பினேன்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி கேட்டைத் தாண்டுகிறேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"கோள்மூட்டி போறா டோய்!"

இன்னொரு குரல்: "டேய், கூட அவங்க அப்பாடா!"

"கோள்மூட்டி அப்பா! மீசைய பாருடா, வெளக்குமாறு மாதிரி!"

திரும்பிப் பார்த்தேன். ஒரு கூட்டம் சிதறி ஓடியது. என் மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மீசையைச் சொன்னது போகட்டும். இவளை ஏன் கோள்மூட்டி என்கிறார்கள்? அவளையே கேட்டேன். செருப்பால் மண்ணைக் கிளறினாள். திரும்ப உள்ளே போய் டீச்சரைக் கேட்டேன்.

"அதுவாங்க? ஜன்னல் திட்டுல பிள்ளைங்க கொட்டாங்குச்சியில மண்ணு போட்டு, பச்சைப்பயறு முளைக்க வச்சிருந்தாங்க. ஆளுக்கு ஒண்ணு. நேத்து யாரோ தட்டி விட்டு எல்லாம் கீழ விழுந்து போச்சு. யாருன்னு கேட்டேன், ஒருத்தரும் வாயத் திறக்கல. உங்க பிள்ளை பக்கத்துல நின்னா. நீயான்னு கேட்டேன். 'அவன்'ன்னா. பக்கத்துல நின்ன பையனப் பாத்து, அவனான்னு திரும்பக் கேட்டேன். 'அவன்'ன்னுதான் திரும்பவும் சொன்னா."

"அந்தப் பையன் இன்னா சொன்னாங்க?"

"நான் இல்ல டீச்சர், நான் இல்ல டீச்சர்னு குதிச்சான். எல்லாரும் அப்படித்தான சொல்லுவாங்க? வெளையாட விடாம அவனையே மண்ணக் கூட்ட வச்சேன். அதுலேர்ந்து உங்க பிள்ளைய எல்லாரும் கோள்மூட்டிங்காங்க. நான் அதட்டி வைக்கேன். நீங்க கவலைப்படாதீங்க. உண்மையச் சொன்ன பிள்ளை."

சரி, உண்மையைச் சொல்லித்தான் பேச்சு வாங்குகிறாள் என்று எனக்கு ஒரு பக்கம் பெருமை. வீட்டுக்கு வந்து, மடியில் உட்காரவைத்து, தெலுங்கில் மெதுவாகக் கேட்டேன்.

"கொட்டாங்குச்சிய தட்டி விட்டது யாரும்மா?"

"நான்தான் நைனா. பை பட்டு விழுந்துட்ச்சு."

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினேன்.

"டீச்சர் கேட்டப்போ இன்னா சொன்ன?"

"நான்தான்னு சொன்னேன்."

"அந்தப் பையன் பேர சொல்லலியா?"

"அவன் பேரே எனக்குத் தெரியாது நைனா."

டீச்சர் ஒன்று சொல்கிறார், மகள் ஒன்று சொல்கிறாள். டீச்சருக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்? பெரிய குரலைக் கேட்டுப் பயந்து, தான் செய்ததைப் பக்கத்துப் பையன் மேல் போட்டுவிட்டாள். இப்போது என்னிடமும் மறைக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் மனைவி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா? இந்த ஊருக்கு வந்து என் பொண்ணு பயந்து பயந்து பொய் சொல்லக் கத்துகினா. அக்கா சொன்னப்பவே விட்டுட்டு வந்திருக்கணும்," என்றாள்.

மறுநாளே அவள் மகளின் துணியெல்லாம் துவைத்து, மடித்து, ஒரு பக்கமாக எடுத்துவைக்க ஆரம்பித்தாள். மகள் அதைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. எந்தப் பாஷையிலும் அவள் அதிகம் பேசாமல் போனது அப்போதுதான்.

ஊருக்கு அனுப்புவதாகவே இருந்தாலும், அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்காமல் அனுப்பக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே ரவா லட்டு பிடித்தேன். ஒரு பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, விசாரித்து அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன்.

அவர்கள் நெசவுக் குடும்பம். வீட்டின் முன்கட்டிலேயே மிஷின் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நான் கூப்பிட்டதே யாருக்கும் கேட்கவில்லை. தறிக்குப் பக்கத்தில் நின்ற பையனின் அம்மா தற்செயலாகத் திரும்பிப் பார்த்துத்தான் வந்தார்.

"யாருங்கண்ணா நீங்க?"

"உங்க பையன் கூட படிக்கிற பாப்பாவோட அப்பாமா."

உள்ளேயிருந்து பையன் எட்டிப் பார்த்தான். முன்பல் இரண்டும் இல்லை. என் மகளைப் பார்த்ததும் கத்தினான்.

"அம்மா! இவதாம்மா அந்தக் கோள்மூட்டி!"

"சீ, வாய மூடு. வீட்டுக்கு வந்தவங்கள இன்னா பேச்சு பேசற?"

"அவன் பேசட்டும்மா," என்றேன். தறிச் சத்தத்தில் நானும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "தப்பு எங்க பாப்பா மேலதான். தட்டி விட்டது இவ. பழிய இவன் மேல போட்டுட்டா. மன்னிப்பு கேக்கத்தான் இட்டுனு வந்தேன்."

"நான் அப்பவே சொல்லல? நான் அப்பவே சொல்லல?" பையன் குதித்தான். "மண்ணெல்லாம் நான்தானே கூட்னேன்!"

நான் மகளின் தோளைப் பிடித்து, அவள் பதில் சொல்ல வசதியாகத் தெலுங்கில் கேட்டேன். "இவங்க முன்னாடி நிஜத்தச் சொல்லு. கொட்டாங்குச்சிய தட்டி விட்டது நீதானே?"

அவள் தலையை நிமிர்த்தினாள். எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"அவுனு," என்றாள்.

"பாத்தியா! பாத்தியாம்மா!" பையன் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தான். "நம்ம வூட்டுக்கே வந்து, என் மூஞ்சிக்கு நேராவே 'அவன்'னு சொல்றா பாரு!"

பையனின் அம்மா கையை நீட்டித் தறியை நிறுத்தினார். வீடே திடுக்கென்று அமைதியானது. அவர் குனிந்து என் மகளிடம் தெலுங்கில் பேசினார். அவர்களும் தெலுங்கு வீட்டுக்காரர்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லுடா கண்ணு."

"அவுனு."

அந்தம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். அதே நேரத்தில் எனக்கும் உறைத்தது.

"டேய் மக்கு! 'ஆமா'ன்னு சொல்றாடா அவ! அவுனுடா, அவுனு! உங்க நைனாவ சாப்ட்டியான்னு கேட்டா இன்னா சொல்றாரு?"

பையன் கொஞ்சம் யோசித்தான். "அவுனுன்னு சொல்வாரு."

"அப்புறம்?"

"அது வூட்ல பேசறதும்மா. ஸ்கூல்ல யாரு அப்படிப் பேசுவாங்க?"

அவன் கேட்டது சரிதான். எங்கள் ஊரில் தெலுங்கு பேசும் வீடுகள் ஏராளம். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளெல்லாம் பள்ளி வாசலில் செருப்பை விடுவதைப் போலத் தெலுங்கையும் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகும். டீச்சரிடம் யாரும் அதில் பதில் சொல்வதில்லை. போதாததற்கு, எங்கள் பக்கத்துப் பேச்சில் 'அவன்' என்பதையே சிலர் 'அவுனு' என்றுதான் இழுப்பார்கள். அதனால் வகுப்பில் இருந்த அத்தனை பேர் காதிலும் அது 'அவன்' என்றே விழுந்திருக்கிறது. அதோடு நின்றதா? டீச்சர் "அவனா?" என்று திரும்பக் கேட்டார் அல்லவா? தெலுங்கில் "அவுனா?" என்றால் "அப்படியா, நிஜமா?" என்று அர்த்தம். என் மகள் அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, நிஜம்தான் டீச்சர் என்று இன்னொரு முறை 'அவுனு' சொல்லியிருக்கிறாள். ஆக, தன் தப்பை அவள் இரண்டு தரம் ஒப்புக்கொண்டிருக்கிறாள். இரண்டு தரமும் பழி அந்தப் பையன் தலையில் போய் விழுந்திருக்கிறது.

மகளின் தோளிலிருந்து கையை எடுத்தேன்.

பையனுக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. என் மகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். எதிரில் நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டான்.

"நீ கோள்மூட்டியா?"

"காது!" என்றாள் அவள் கோபமாக.

பையன் சட்டென்று தன் காதைத் தொட்டான். பிறகு வாயைப் பிளந்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அம்மா! அன்னிக்கி காது காதுன்னு அழுதாளே, அதும் இதானா?"

அதுவும் இதுதான். 'காது' என்றால் தெலுங்கில் 'இல்லை, அது இல்லை' என்று அர்த்தம். வயிறு வலிக்கிறதா, அது இல்லை. தலை வலிக்கிறதா, அதுவும் இல்லை. நான்தான் சாம்பார் வாசனையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் லைட் அடித்துப் பார்த்ததை நான் சொன்னதும் அந்தம்மா சிரிப்பை அடக்க முடியாமல் தறியைப் பிடித்துக்கொண்டார். பையன் தரையில் உருண்டான். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நீ நிஜத்தத்தான் சொன்னம்மா. எங்களுக்குத்தான் புரியல," என்று அவளிடம் தெலுங்கில் சொன்னேன்.

அவள் லட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கலாமா என்று கேட்டாள்.

ஆளுக்கு ஒரு லட்டு சாப்பிட்டோம். பையன் இரண்டாவது லட்டை எடுத்துக்கொண்டு, தன் வழக்கை விடாமல் பிடித்தான்.

"எல்லாம் சரி. அதுக்காக, நான் மண்ணு கூட்னது கூட்னதுதானே?"

"அத உங்க டீச்சரக் கேளு," என்றார் அவன் அம்மா. "ஒரு லட்டு போதும், வை கீழ."

மறுநாள் காலை டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் முகம் மாறிவிட்டது. "அந்தப் பையன் அன்னைக்கு அவ்வளவு கத்துனானே. நான் கேக்கவே இல்லையே," என்றார். பிறகு என்னை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனார்.

பெரியவர்கள் தப்புச் செய்தால் என்ன செய்வார்கள்? பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவோம். அந்த டீச்சர் மாற்றவில்லை. எல்லோருக்கும் முன்னால், அந்தப் பையனை எழுப்பி நிற்கவைத்து, அதே பெரிய குரலில் சொன்னார்.

"நீ தட்டி விடலடா. நான்தான் தப்பா விளங்கிக்கிட்டேன். உன்னப் போயி மண்ணக் கூட்ட வச்சிட்டேன். என்ன மன்னிச்சுக்கோ."

பையன் நெளிந்தான். "அப்போ இன்னிக்கி கூட ஒரு பீரியடு வெளையாட வுடுவீங்களா டீச்சர்?"

வகுப்பே கூச்சல் போட்டது. அது அடங்கியதும் டீச்சர் கேட்டார்.

"ஏ பிள்ளைங்களா, உங்க வீட்டுல யாரெல்லாம் தெலுங்கு பேசுவீங்க? கையத் தூக்குங்க பாப்போம்."

ஒரு கையும் எழவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் பொறுத்து, அந்தப் பையனின் கை பாதி எழுந்தது. அதைப் பார்த்து இன்னொரு கை. அப்புறம் பின் வரிசையில் நாலைந்து. கடைசியில் பார்த்தால் பாதி வகுப்புக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என் மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"இத்தன பேரா! ஒருத்தராவது எங்கிட்டச் சொல்லக்கூடாதா?" என்றார் டீச்சர்.

முன் வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்து சொன்னாள். "நீங்க கேக்கவே இல்லையே டீச்சர்."

அதோடு எல்லாம் நல்லபடியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஆகவில்லை. இரண்டு மூன்று நாளைக்கு அவள் வாயே திறக்கவில்லை என்று டீச்சர் சொன்னார். அந்தப் பையன் அவளிடம், தன் கொட்டாங்குச்சிக்குப் புதுப் பயறு போட்டுத் தர வேண்டும் என்று கணக்காக வாங்கிக்கொண்டான். அதற்கு அவள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அவன் கட்டளை. அவளும் ஊற்றினாள். ஊற்றும்போது அவன் பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காதபடி தெலுங்கில், போதும் போதும், மூழ்கிவிடும் என்பானாம்.

அவள் பேசாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்ததால், அவளுக்காகப் பேச ஆள் சேர்ந்துவிட்டது. தெலுங்கு தெரிந்த பிள்ளைகள் எல்லாம் நான் நீ என்று போட்டி. அவள் மெதுவாக ஒன்று சொல்வாள், இவர்கள் டீச்சரிடம் அதைத் தமிழில் சொல்வார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த முன்பல் இல்லாத பையன் எழுந்தான்.

"டீச்சர், இவ இன்னிக்கி வூட்டுப்பாடமே வேணாம்னு சொல்றா டீச்சர். யாருக்குமே வேணாமாம்."

என் மகள் துள்ளி எழுந்தாள்.

"இல்ல டீச்சர்! இவன் பொய் சொல்றான்!"

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அதுதான். டீச்சர் அன்று சாயங்காலம் கேட் வரைக்கும் வந்து அதை என்னிடம் சொன்னார். "கோள்மூட்டி இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன். இன்னைக்கு நெசமாவே கோள் சொல்லிட்டா உங்க பிள்ளை!" என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் பையனும் அவர் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவன் வேண்டுமென்றே அப்படிச் செய்தானா, வீட்டுப்பாடத்துக்குப் பயந்து செய்தானா, எனக்கு இன்று வரை தெரியாது. எதுவாக இருந்தாலும் அவனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

கிருத்திகை வந்துவிட்டது. அந்த நாட்களில் எங்கள் ஊரை நீங்கள் பார்க்க வேண்டும். ஆந்திராவிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். தெருவெல்லாம் பூக்காவடி, மலைப்படியெல்லாம் மஞ்சள் துணி, எந்தப் பக்கம் திரும்பினாலும் அரோகரா. நான் அன்னதானச் சமையலில் இருந்தேன். மதியம் கொஞ்சம் ஓய்ந்ததும் வீட்டுக்கு வந்தேன். பெத்தம்மாவும் அவர் வீட்டுக்காரரும் மலையேறிக் காவடி செலுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மகள் பெத்தம்மாவின் மடியில் இருந்தாள்.

பக்கத்தில் ஒரு புதுப் பை. அதற்குள் நகரிப் பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம், தைத்து, இஸ்திரி போட்டு, மடித்து இருந்தது. அவர் அதை எடுத்து எங்களிடம் காட்டவில்லை. பை பாதி திறந்திருந்ததால் நான் பார்த்தேன்.

என் மனைவி போனில் எல்லாம் சொல்லித்தான் இருந்தாள். "சொன்னா போதுமா? நான் பாப்பா வாயால கேக்கணும்," என்று சொல்லிவிட்டாராம். அது நியாயம்தான். ஒப்புக்கொண்டவன் நான். அதனால் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன், வாயைத் திறக்கவில்லை. சாம்பாருக்குப் புளி போட்டோமா என்று கூட எனக்கு மறந்துபோயிருந்தது.

பெத்தம்மா அவள் முகத்தைத் திருப்பிக் கேட்டார். "ஏன்டி தங்கம், எங்கூட வந்துடறியா? அங்கயே படிக்கிறியா?"

மகள் பெத்தம்மாவின் வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவர் மேல் அவ்வளவு ஆசை; வருவேன் என்றுதான் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். என் மனைவி அடுப்படி வாசலில் நின்றுகொண்டு முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். துணியை எல்லாம் மடித்து வைத்தவளே அவள்தான். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீ இங்கயே இரு பெத்தம்மா," என்றாள் மகள் தெலுங்கில். "லீவு முடிஞ்சதும் நான் ஸ்கூலுக்குப் போய்ட்டு, சாயங்காலம் உங்கிட்ட வந்துடறேன்."

பெத்தம்மாவின் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். பிறகு பெத்தம்மா சிரித்தார். "அப்போ நான் யாரு? உன் வூட்டுக் காவக்காரியா?" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார். கிள்ளிய கையாலேயே பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"தம்பி, பசிக்குது. உன் கையால எதனா போடு," என்றார் என்னிடம்.

வற்புறுத்தியிருந்தால் அவள் போயிருப்பாள். குழந்தைதானே? ஒரு பொம்மை வாங்கித் தருகிறேன், அங்கே கோழிக்குஞ்சு இருக்கிறது என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் மனசு மாறியிருக்கும். அவருக்கு அது தெரியும். அவள் எதற்கு மயங்குவாள் என்று எங்களை விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீச்சருக்கும், அந்தப் பையனுக்கும், தறியை நிறுத்திக் காது கொடுத்த அவன் அம்மாவுக்கும் நான் பல முறை நன்றி சொல்லிவிட்டேன். இவருக்கு மட்டும் நேரில் சொல்லத் தெரியவில்லை. சொன்னால் அழுதுவிடுவார், நானும் அழுதுவிடுவேன். அதனால்தான் இப்படி எழுதுகிறேன்.

சாயங்காலம் நாங்கள் மூவரும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனோம். ஒரே கூட்டம். காவடிக்காரர்களுக்கு நடுவே அவர்கள் இரண்டு பேரும் இடித்துப் பிடித்து ஏறி உட்கார்ந்தார்கள். ஜன்னல் வழியாகப் பெத்தம்மா தலையை நீட்டினார்.

"ஞாயித்துக்கெழம வரேன். அதுவரைக்கும் அழக்கூடாது, இன்னா?"

மகள் என் தோளில் உட்கார்ந்தபடி அவரை உற்றுப் பார்த்தாள்.

"நீதான் அழற பெத்தம்மா," என்றாள்.

பஸ் கிளம்பிவிட்டது.